இருபத்தோராவது நிமிடம்

டிஸ்கின் அடிப்பக்கத்தில் விரல் படக்கூடாது என்று எத்தனை தரம் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. தட்டில் அப்பளம் எடுப்பதுபோல எடுப்பார்கள். பிறகு, இரண்டு வருடத்தில் படம் நின்று நின்று ஓடுகிறது என்று என்னிடமே வருவார்கள்.

நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால்தான் இங்கே தொடங்குகிறேன். பெயர் இந்திரகுமார். கிழமை நாட்களில் பொதிகள் பிரிக்கும் வேலை. சனி, ஞாயிறில் இங்கே ஒஸ்ரேலியாவில், வென்ட்வேர்த்வில்லில் என் வீட்டுக் கராஜில் வீடியோ வேலை. கலியாணம், சாமத்தியவீடு, பிள்ளைகளின் அரங்கேற்றம் எல்லாவற்றையும் டிஸ்கில் பதிந்து கொடுப்பேன். சனம் என்னிடம் வருவதற்குக் காரணம் ஒன்றுதான். மற்றவர்கள் படத்தைச் சுருக்கி டிவிடியாக அடிப்பார்கள், ரீவியில் போட்டுப் பார்த்தால் முகங்கள் கரைந்துபோயிருக்கும். நான் கமெராவில் இருந்த கோப்பை இருந்தபடியே புளூரேயில் ஏற்றுவேன். ஏற்றிய பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். திகதிகூட மாறாது.

சுஜீவா வந்தது போன வருடம் மாசி மாதம். ஸ்ரேஷனடியில் உள்ள சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிற பெண். என் இடியப்பப் பார்சலைக் கட்டித் தருவது அவர்தான், அந்தப் பழக்கம். ஒரு பழைய மெமரி கார்ட்டைக் கடிதவுறைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். லண்டனில் இருந்த மாமி இறந்தபின் அவருடைய மகன் அலுமாரியிலிருந்து எடுத்து அனுப்பியதாம்.

"அண்ணை, இது எங்கட அக்கான்ர மகளின்ர முதலாவது பிறந்தநாள். வவுனியாவில, இரண்டாயிரத்து எட்டில எடுத்தது. கொம்பியூட்டர்ல போட்டா திறக்குதில்லை."

பிறந்தநாள் படம்தானே, ஆறுதலாகச் செய்யலாம் என்றேன். அவர் கதிரையில் இருந்து மிச்சத்தையும் சொன்னார். அந்த விழாவின்போதுதான் அவருடைய அண்ணன் பிரஷாந்தனை ஆட்கள் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். சுஜீவா அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாராம், எதையும் காணவில்லை. எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்த பிரஷாந்தன் பிறகு படகில் ஒஸ்ரேலியா வந்தார். அவரை ஏற்றியதையோ அடைத்து வைத்ததையோ இங்கே குடிவரவு அதிகாரிகள் ஒருவரும் நம்பவில்லை. கடைசி முறையீடும் தோற்று, அப்போது வில்லாவுட் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். அந்த மாமி கமெராவை அலுமாரி மேல் வைத்துவிட்டுக் கேக் வெட்டப் போனவர், அது ஓடிக்கொண்டே இருந்திருக்கலாம் என்று அக்கா சொன்னாராம். அண்ணனின் லோயர் தாரிணி மூலக் கோப்பும் அதன் பிரதியும் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

கார்ட்டின் தொடுமுனைகள் கறுத்துப்போயிருந்தன. துடைத்து, இன்னொரு ரீடரில் போட்டு, மூன்று மணித்தியாலத்தில் எடுத்துவிட்டேன். ஒரே கோப்பு. நாற்பது நிமிடம். இவ்வளவு தெளிவான படம் அந்தக் காலத்துக்கு அபூர்வம். பலூனில் எழுதியிருந்த பெயரைக்கூட வாசிக்க முடிந்தது.

பதினெட்டாவது நிமிடத்தில் நான்கு பேர் உள்ளே வருகிறார்கள். முகத்தில் துணி கட்டியிருக்கிறார்கள். பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த பிரஷாந்தனை ஒருவன் சுட்டிக் காட்டுகிறான். பிள்ளையை அக்கா வாங்கிக்கொள்கிறார். பிரஷாந்தனின் கைகளைப் பின்னால் கட்டுகிறார்கள். இருபத்தோராவது நிமிடத்தில், சுட்டிக் காட்டியவன் மேசைக்குப் போய், விருந்தாளிகளுக்கு ஊற்றி வைத்திருந்த சோடாவில் ஒரு கிளாஸ் எடுத்து, துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் குடிக்கிறான். அன்று சரியான வெயில்.

அது நான்தான். அன்று சோடா குடித்தது எனக்கு ஞாபகமே இல்லை.

அந்த நாட்களில் நான் வவுனியாவில் இராணுவத்தோடு சேர்ந்து இயங்கிய ஒரு குழுவோடு இருந்தேன். ஆட்களை அடையாளம் காட்டுவது என் வேலை. இங்கே அகதியாக விண்ணப்பித்தபோது வான் ஓட்டிப் பிழைத்தேன் என்று எழுதினேன். அது பொய்யில்லை. அன்றும் வானை நான்தான் ஓட்டினேன்.

நான் பதற்றப்படவில்லை. தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். பிறகு வேலையைத் தொடங்கினேன். முதலில் படத்தை மிகச் சிறிதாகச் சுருக்கினேன். சுருக்கியதைத் திரும்பப் பெரிதாக்கி, டிவிடிக்காக இன்னொருமுறை மாற்றினேன். இரண்டாம் தரம் மாற்றும்போதுதான் முகங்கள் முழுதாகப் போகும். யார் யாரைக் கட்டுகிறார் என்பது தெரியாது, நிறங்கள் அசைவது மட்டும் தெரியும். கோப்பின் திகதியும் அன்றைய திகதியாக மாறிவிட்டது. கார்ட்டை அழித்து, இரண்டாக முறித்தேன்.

அடுத்த சனி சுஜீவா வந்தார்.

"கார்ட் முறிஞ்சுபோச்சு தங்கச்சி," என்றேன். "அதுக்கு முதல் எடுக்கக்கூடியதை எடுத்திட்டன். இதுக்கு மேல ஒருத்தராலும் ஏலாது."

அவர் என் கராஜிலேயே பார்த்தார். திரைக்குக் கிட்டப் போய், அண்ணன் எது என்று தேடினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

நீங்கள் ஒன்று கேட்பீர்கள். என் முகத்தை மட்டும் மறைத்திருக்கலாமே என்று. ஓம், மறைத்திருக்கலாம். ஒரு மணித்தியால வேலை. முதலில் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் முதல் நாள் போகும்போது வாசலில் நின்று சுஜீவா ஒன்று சொல்லியிருந்தார்.

"அண்ணா வெளியில வந்தா முதல் வேலையா உங்களிட்டத்தான் கூட்டிக்கொண்டு வருவன். உங்களைப் பாக்கவேணும் எண்டு சொன்னவர்."

எட்டு மாதம் அவரை அடைத்து வைத்திருந்த அறைக்கு நான் தினமும் போனவன். அங்கே நாங்கள் துணி கட்டுவதில்லை. படத்தில் இருப்பது ஒரு முகம், அதை மறைத்துவிடலாம். வில்லாவுட்டில் இருந்த ஆளை என்ன செய்வது? அவர் வெளியே வந்தால் இதே ஸ்ரேஷனில்தான் இறங்குவார், இதே கடையில்தான் சாப்பிடுவார். எனக்கு இங்கே இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சட்டம் படிக்கிறாள்.

தாரிணி அந்த டிஸ்கைக் குடிவரவுத் திணைக்களத்திடம் கொடுத்துப் பார்த்தார். படத்தில் இருப்பது யார் என்று தெரியவில்லை, திகதி இந்த வருடத்தைக் காட்டுகிறது, இதற்கு எடை கொடுக்க முடியாது என்று பதில் வந்ததாம். சுஜீவா இடியப்பம் கட்டிக்கொண்டே சொன்னார். நான் மிகவும் வருத்தம் தெரிவித்தேன். வைகாசியில் பிரஷாந்தனைத் திருப்பி அனுப்பினார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இரண்டு பேர் அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனதை அதே விமானத்தில் வந்த ஒருவர் கண்டிருக்கிறார். அதன்பிறகு தகவல் இல்லை. சுஜீவா ஒவ்வொரு நாளும் தன் அண்ணனின் நம்பருக்கு அழைத்துப் பார்ப்பார். கடையில் வரிசையில் நிற்கும்போது நானே கண்டிருக்கிறேன்.

மூலக் கோப்பை நான் அழிக்கவில்லை. கார்ட்டை முறிப்பதற்கு முன்பே புளூரேயில் ஏற்றி, சரிபார்த்து வைத்துவிட்டேன். ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு நல்ல படத்தை அழிக்கக் கை வரவில்லை என்றுதான் சொல்லலாம்.

இந்தத் தை மாதம் சுஜீவா திரும்ப வந்தார். மெலிந்திருந்தார். ஊரில் தாய் படுக்கையில் விழுந்துவிட்டாராம். மகன் அந்தப் பிள்ளையைத் தூக்கி வைத்துச் சிரித்த முகத்தை ஒருக்கால் பார்க்க வேண்டும் என்று கேட்கிறாராம்.

"இப்ப கொம்பியூட்டரில மங்கலான படத்தைத் தெளிவாக்கலாமாமே அண்ணை? அம்மாவுக்கு ஒரு படம் போதும்."

முயற்சி செய்து பார்க்கிறேன் என்றேன். அவர் போனபின் டிஸ்கை எடுத்துப் போட்டு, பதினாறாவது நிமிடத்தில் நிறுத்தினேன். பிரஷாந்தன் சிரிக்கிறார், பிள்ளை அவருடைய மூக்கைப் பிடிக்கிறது. பெரிதாக அச்சடித்துக் கொடுத்தேன். கொம்பியூட்டர் தெளிவாக்கியது என்று சொன்னேன். அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அந்தப் படத்தில் பிரஷாந்தனுக்குப் பின்னால் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. தாள் கிழிக்கிற வகை. அதில் நாளும் மாதமும் வருடமும், அதை அச்சடித்த கடையின் தொலைபேசி இலக்கமும் இருந்தன. சுஜீவா படத்தைத் தாரிணியிடம் காட்டியிருக்கிறார். தாரிணி அந்த இலக்கத்துக்கு அழைத்திருக்கிறார். கடைக்காரர் எடுத்துப் பேசியிருக்கிறார். மங்கலான படத்திலிருந்து ஒரு கொம்பியூட்டர் முகத்தை ஊகிக்கலாம். வவுனியாவில் ஒரு கடையின் இலக்கத்தைச் சரியாக ஊகிக்காது. மூலம் என்னிடம் இருக்கிறது என்பது தாரிணிக்கு அப்போதே விளங்கிவிட்டது. மூன்றாம் நாள் பொலிசிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

டிஸ்க் கராஜில், மேசையின் கீழ்த் தட்டில் இருக்கிறது. எதிலும் கை வைக்கவில்லை, நான்கு பேரும் அப்படியே இருக்கிறார்கள். தவறுதலாக நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. பிரஷாந்தனைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதற்காகத்தான் செய்தேன். திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்பது இந்த நகரத்தில் வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அந்தத் தாய்க்குப் படம் கொடுத்ததையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். முடியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் இன்று இங்கே இருக்கமாட்டேன். கஷ்டத்தில் வந்து கேட்கிற ஒருவரை வெறுங்கையோடு அனுப்புகிற குணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.