இருபத்தேழும் பூஜ்யமும் சமமா?

கையில் மணியோடு கம்பீரமாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, மாலை வகுப்பின் மாணவியரான தாய்மார்களே, அம்மாவை அதட்டிப் படிக்கவைக்கும் அருமைப் பிள்ளைகளே, கணக்கு என்றதும் கடைசி வரிசைக்கு நகர்ந்துவிட்ட பெரியவர்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

"ஓர் ஈரிலக்க எண். இலக்கங்களின் கூடுதல் ஒன்பது. இலக்கங்களை இடம் மாற்றினால் எண் இருபத்தேழு கூடுகிறது. அந்த எண் யாது?" கேட்டதும் கலக்கமாக இருக்கிறதா? இருக்கட்டும்! அப்படிக் கலங்கிய ஒருவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பேருந்துப் பணிமனையில் அவருக்கு வேலை. ஏணியில் ஏறி, வண்டியின் நெற்றியிலுள்ள சட்டத்தில் தடம் எண்ணின் தகடுகளைச் செருகுவார். நேரக்காப்பாளர் ஆவதற்குக் கணக்கில் தேர்ச்சி வேண்டும். ஏற்கெனவே அந்தத் தேர்வில் தவறியவர். "இந்தத் தடவையும் போச்சுன்னா, இந்த முட்டிவலியோட ரிட்டயர் ஆகுறவரைக்கும் ஏணிதான் சார்" என்றார்.

நம் மாலை வகுப்பில் அவருக்கு அந்தக் கணக்கைக் கொடுத்தேன். எண்ணை எக்ஸ் கூட்டல் ஒய் என்று எழுதினார். இடம் மாற்றி, ஒய் கூட்டல் எக்ஸ் என்றார். கழித்தார். என்ன வந்தது? இருபத்தேழும் பூஜ்யமும் சமம்!

"கிறுக்கு கணக்குக்கா சார், எனக்கா?" பேனாவை மூடிவிட்டார். கண்ணில் நீர். எனக்கு மனசே கேட்கவில்லை.

அங்கே சிரிக்கிற தம்பி, நீங்கள் முதலில் என்ன எழுதினீர்கள்? ஆ! தலையைச் சொறிகிறார் பாருங்கள்! பேனாவை மூடிய அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, பதினாலாம் நம்பர் வண்டிக்கு நாப்பத்தொண்ணு போட்டா என்ன?"

"ஐயையோ! சனங்க என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

"ஏன்? அதே ஒண்ணு, அதே நாலுதானே? கூட்டினா அஞ்சுதானே?"

"தகடு அதேதான் சார். ஆனா நாலு இடப்பக்கம் போனா நாப்பதுல்ல..."

பேச்சு பாதியில் நின்றது. பேனா திறந்தது. பத்து எக்ஸ் கூட்டல் ஒய் என்று எழுதினார். வந்தது விடை, முப்பத்தாறு!

தேர்வு நாளன்று வாசலில் காத்திருந்தேன். முகம் வெளுத்து வந்தார். "என்னக்கா, போச்சா?"

"வேற எண் குடுத்திருந்தாங்க சார். ஒண்ணுமே ஓடல. தெரியாததுக்கு ஒரு பேர் வைன்னு சொல்வீங்களே, எக்ஸ்னு போட்டேன். தெரியாதுன்னு எழுதித்தான் ஆரம்பிச்சேன். தெரிஞ்சுக்கிட்டுத்தான் எழுந்தேன்."

தாய்மார்களே! தெரியாது என்று சொல்ல வெட்கமா? இயற்கணிதமே அங்கேதானே தொடங்குகிறது! தெரியாததற்குப் பெயர் வையுங்கள்! பெயர் வைத்ததைப் பிடித்துக்கொள்ளுங்கள்! பிடித்ததை விடை வரும்வரை விடாதீர்கள்!

இதோ, மணி அடித்துவிட்டார். இனிக் கெஞ்சினாலும் ஒரு நிமிடம் கிடைக்காது. எந்த வண்டியையும் தாமதமாகப் புறப்பட விடாத நேரக்காப்பாளர் அல்லவா நம் தலைவர்! ஏணியை விட்டு இறங்கி மேடையில் ஏறிய அக்கா, இங்கே கலங்கி அமர்ந்திருக்கும் ஒவ்வொருவர் சார்பிலும் உங்களுக்கு என் வணக்கம். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி!