பெர்மெத்தின் அம்மாவை நான் எடுத்துக்கொண்ட விதம்

எனக்குத் தொண்டை நல்ல தொண்டை. எங்கள் கரகோல் ஊரில் கல்யாண விருந்து என்றால் ஒலிவாங்கி என் கையில்தான் இருக்கும். மேசை மேசையாக ஆட்களை எழுப்பி வாழ்த்துச் சொல்ல வைப்பது என் தொழில். ஒரு விருந்தில் கேட்ட நல்ல வாழ்த்தை அடுத்த விருந்தில் நம்முடையதாகச் சொல்வோம். அது யாருடையது என்று இங்கே எவரும் கேட்டதில்லை.

பெர்மெத் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள். செத்துப்போன தன் அம்மாவைப் பற்றி முகநூலில் குட்டிக் கதைகள் எழுதுவாள். அருமையாக இருக்கும். அவற்றை என் அம்மாவின் கதைகளாக்கி விருந்துகளில் சொன்னேன். சபை அழுதது. காணொளிகளை என் பக்கத்தில் போட்டேன். அவற்றைப் பார்த்த என் அம்மா மட்டும் அங்கேயே கருத்தில், "டேய் மெதெர், என்னை எப்படா பொதைச்ச?" என்று கேட்டாள். அவளுக்குக் கலை புரியாது.

ஒருநாள் பெர்மெத் கல்யாண மண்டபத்துக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, அது என் அம்மா. அடுத்த மாசம் புஸ்தகமா வருது. எங்கிட்டருந்து எடுத்ததுன்னு இங்கயே சொல்லிருங்க."

"சொல்லிட்டாப் போச்சு, தங்கச்சி."

ஒலிவாங்கியைத் தூக்கினேன். "இது பெர்மெத். எங்கிட்ட கதை கத்துக்கிட்ட பொண்ணு. மணமக்கள வாழ்த்த வந்திருக்கா."

அவள் கையில் கொடுத்துவிட்டேன். பெரியவர்கள் ஆசிக்காக உள்ளங்கைகளை விரித்துக் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் சண்டை போட்டால் மணமக்களுக்கு ஆகாது. நல்ல பெண், வாழ்த்திவிட்டு இறங்கினாள்.

அங்கே எடுத்த காணொளியை அவள் புத்தகத்தின் பதிப்பாளருக்கு அனுப்பினேன். குருவிடம் திருடியவள் என்று அவர் புத்தகத்தையே நிறுத்திவிட்டார். என் புகாரில் அவள் பக்கமும் மூடப்பட்டது. எனக்கு வருத்தம்தான். அன்று இறைச்சி போட்ட பெஷ்பர்மாக் இரண்டு தட்டுக்கு மேல் இறங்கவில்லை.

போன வாரம் அவள் புதுப் பக்கம் தொடங்கி, இவ்வளவையும் நானே சொல்வதுபோல் ஒரு கதை எழுதியிருந்தாள். நீங்கள் இதுவரை படித்தது அதுதான். என் அம்மா கேட்டதைக்கூட விடவில்லை. சனிக்கிழமை விருந்தில் அதையே சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். "தப்ப ஒத்துக்குற மனசு யாருக்கு வரும், தம்பி" என்று மாப்பிள்ளையின் மாமா கட்டிப்பிடித்து அழுதார்.

நேற்று அந்தப் பக்கத்தின் மீதும் புகார் கொடுத்துவிட்டேன். என் வாக்குமூலத்தை இன்னொருத்தி தன் பெயரில் போட்டுக்கொண்டால் எப்படிச் சும்மா இருப்பது?