கடை ஆயிலும் எறியப்பட்ட டப்பாவும்

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் பதிவாகியுள்ளன. வயது நாற்பத்திரண்டு. விலாசம், இந்தப் புகாரைக் கொடுத்திருக்கும் என் கணவரின் அண்ணன் வீட்டுக்கு எதிர் வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் முற்றம் ஒன்றுதான். தொழில் என்ற இடத்தில் எழுத்தர் என்னைக் கேட்காமலே 'வீட்டு வேலை' என்று எழுதிவிட்டார். அதை அடித்துவிட்டு 'டிராக்டர் ஓட்டுநர்' என்று எழுதச் சொன்னேன். எழுதினார்.

நான் சொல்வதாவது: எங்கள் டிராக்டர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. ஒரு பருவம் எங்கள் கையிலும் அடுத்த பருவம் அவர்கள் கையிலும் இருக்கும். அவர்கள் பருவத்தில் என் கணவரின் அண்ணன் ஓட்டுவார். எங்கள் பருவத்தில் நான் ஓட்டுவேன். என் கணவர் பழகிப் பார்க்க ஏறி, ஒரு வேலியைச் சாய்த்ததோடு இறங்கியவர்தான். எங்கள் நிலத்தை உழுத பிறகு கூலிக்கு மற்றவர்கள் நிலத்தையும் உழுவேன். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அதில்தான். பருவம் முடிந்து வண்டியைக் கை மாற்றும்போது, கழுவி, எஞ்சின் ஆயில் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள முறை. பருவத்தின் நடுவிலும், வண்டியில் உள்ள மணிக்காட்டியைப் பார்த்து, ஓடிய நேரத்துக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். நான் மாற்றுவேன். ஒவ்வொரு முறையும் பழைய ஆயில் வடியும் சட்டியைப் பிடித்துக்கொண்டு என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

எஞ்சினுக்கு நான் ஊற்றியது பெரிய சாலையில் உள்ள கடையின் ஆயில். துடைப்பத்திலிருந்து டயர் வரை எல்லாம் விற்கும் கடை அது. ஆயிலையும் நீல டப்பாவில் அடைத்துத் தன் பெயரையே ஒட்டி விற்கிறார்கள். விலை குறைவு. கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் போய், அதில் எந்த ரக ஆயில் கேட்டிருக்கிறதோ அதுவே டப்பாவின் முதுகில் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள். ரகம் ஒன்றாகவே இருந்தது. பின்பக்க கியர் பெட்டிக்குக் கையேடு சொல்லும் ஆயில் அந்தக் கடையில் கிடையாது. அதனால் அதை மட்டும் கம்பெனியிலேயே வாங்கினேன்.

என் கணவரின் அண்ணனை நான் மாமா என்று அழைப்பது வழக்கம். மாமா எப்போதும் கம்பெனி ஆயில்தான் ஊற்றுவதாகச் சொல்வார். சிவப்பு டப்பா. உழவுக்குப் போகும் இடமெல்லாம் அந்த டப்பாவை மிதிபலகையில் நாலு பேர் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டுதான் போவார். என்னைப் பற்றிக் கேட்பவர்களிடம், "அது கடை ஆயில்" என்பார். நாளடைவில் அதுவே எனக்குப் பெயராகிவிட்டது. என் ஓரகத்தி, அதாவது மாமாவின் மனைவி, சொந்தக்காரர் கல்யாணத்தில் நாலு பேர் நடுவில், "கடை ஆயில் வந்தாச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

போன மாதம், வண்டி மாமா கையில் இருந்தபோது, உழுதுகொண்டிருக்கும்போதே எஞ்சின் இறுகிப்போய் நின்றுவிட்டது. அதன் பிறகு பட்டறைக்காரர் வந்து எஞ்சினைக் கழற்றினார். அடித்தட்டில் ஆயில் தார் போல் கெட்டியாகி, கரண்டியால் வழித்தெடுக்கும் பதத்தில் இருந்தது. அதன் பிறகு எங்களை மாமா வீட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். மாமா, ஓரகத்தி, பட்டறைக்காரர், என் கணவர், நான், இத்தனை பேரும் இருந்தோம். எனக்கு மட்டும் யாரும் நாற்காலி எடுத்துப் போடவில்லை.

மாமா, "வருஷக்கணக்கா இவ ஊத்தின மலிவு ஆயில் உள்ளயே படிஞ்சு எஞ்சினைத் தின்னுடுச்சு" என்றார். நான், "மாமா, இந்தப் பருவத்துல நடுவுல ஒரு தடவையாவது மாத்தினீங்களா?" என்று கேட்டேன். அதற்கு அவர், "இது கம்பெனி ஆயில்மா. உன் கடை ஆயில் மாதிரி ஓயாம மாத்திட்டிருக்க வேண்டியதில்ல. ரெண்டு மடங்கு தாங்கும்" என்றார். பட்டறைக்காரர், "எந்த ஆயிலா இருந்தாலும் மாத்தாம ஓட்டினா இப்படித்தாங்க ஆகும்" என்று இழுத்தார். அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓரகத்தி, "எதையும் மலிவாவே எடுத்துப் பழகின கை" என்று என் கையைப் பார்த்துச் சொன்னார்.

முடிவாக, எஞ்சினைச் சரிசெய்வது எங்கள் பொறுப்பு, சரியான பிறகு வண்டி அவர்களிடமே இருக்கும், இனி நான் அதில் ஏறக்கூடாது என்றார் மாமா. நான் என் கணவரைப் பார்த்து, "என்னங்க, நான் ஒழுங்கா மாத்தினது உங்களுக்குத் தெரியாதா? நீங்களாவது சொல்லுங்க" என்றேன். அவர் தரையைப் பார்த்தபடி, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். சாவியைக் குடுத்துடு" என்றார். வண்டிக்கு வீட்டுக்கு ஒரு சாவி உண்டு. இடுப்பிலிருந்த எங்கள் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு வீட்டுக்கு வந்து சமைத்தேன். என் கணவர் சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் குறைவு என்றார்.

மறுநாள் காலை, மாமா வீட்டில் வண்டி நிற்கும் கொட்டகைக்குப் போனேன். திருடவும் உடைக்கவும் போகவில்லை. இருக்கையில் போட்டு உட்காரும் என் மெத்தையும், வண்டிக்குக் கிரீஸ் அடிக்கும் என் துப்பாக்கியும் அங்கே இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு வரப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. மெத்தை இருக்கையில் இல்லை. பலகை மேசைக்கு அடியில் தேடி, அங்கே மூடியிருந்த சாக்கை இழுத்தேன். உள்ளே நீல நிறப் பீப்பாய் ஒன்று இருந்தது. பெரிய சாலைக் கடையின் பெயர் அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. குழாய் வைத்த பீப்பாய். அதன் பக்கத்தில் மூன்று நான்கு சிவப்புக் கம்பெனி டப்பாக்கள், மூடி தேய்ந்துபோய், பலமுறை திறந்து மூடிய நிலையில் இருந்தன. ஒரு காலி டப்பாவின் வாயில் மஞ்சள் பிளாஸ்டிக் புனல் ஒன்று செருகியிருந்தது. புனலில் ஆயில் ஈரம் காயவில்லை.

அந்தப் புனலின் விளிம்பு ஒரு பக்கம் உருகிச் சுருங்கியிருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து நான் உருக்கியது. சமையல் எண்ணெய் ஊற்ற வைத்திருந்தேன். அது காணாமல் போனபோது வீடு முழுக்கத் தேடினேன். என் கணவர், "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றார். எலிக்குப் புனல் எதற்கு என்று நானும் யோசிக்கவில்லை. கட்டியவர் சொன்னதை நம்பினேன்.

மாமா கடை ஆயில் ஊற்றியதில் எனக்கு வருத்தமில்லை. அது நல்ல ஆயில். நேரத்துக்கு மாற்றினால் டிராக்டருக்கு அது போதும் என்று இப்போதும் சொல்கிறேன். பெருமைக்காக அதைச் சிவப்பு டப்பாவில் ஊற்றி ஊரை ஏமாற்றியிருக்கிறார். அதோடு விட்டாரா? தன் கையால் நிரப்பிய டப்பாவின் மேலிருந்த பெயரைத் தானே நம்பி, ரெண்டு மடங்கு தாங்கும் என்று மாற்றாமல் ஓட்டி, எஞ்சினைக் கொன்றிருக்கிறார். பழியைத் தூக்கி என் தலையில் போட்டிருக்கிறார். இதையெல்லாம் நினைத்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. புனலைக் கையில் எடுத்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

அந்த நேரத்தில் மாமாவும் என் கணவரும் உள்ளே வந்தார்கள். யாரைக் கேட்டு உள்ளே வந்தாய் என்று மாமா சத்தம் போட்டார். புனலை என் கணவரிடம் காட்டி, "இது எப்படி இங்க வந்துச்சு?" என்று கேட்டேன். அவர் புனலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "ஊத்தும்போது சிந்துதுன்னு அண்ணன் கேட்டார். நான்தான் டப்பாவைப் பிடிச்சுக்குவேன்" என்றார். "அப்ப நேத்து அத்தனை பேர் முன்னால என்னைக் கேட்டாங்களே, கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்களே?" என்றேன். அதற்கு அவர், "பெரியவரைப் போய் எப்படிம்மா காட்டிக்குடுக்கிறது?" என்றார்.

அதன் பிறகு நான் சிவப்பு டப்பாவை எடுத்துக் கணவரை நோக்கி எறிந்தேன். என் கணவர் குனிந்துகொண்டார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் சட்டென்று செய்து நான் பார்த்த காரியம் அது ஒன்றுதான். டப்பாவின் தகர விளிம்பு, பின்னால் நின்ற மாமாவின் நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. என் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டது நான்தான். புகாரில் அது இல்லை.

புகாரில், சொத்துத் தகராறில் மாமாவைக் கொல்லும் எண்ணத்துடன் தாக்கியதாக இருக்கிறது. அது சரியில்லை. இன்று மாலை என் கணவர் இங்கே காவல் நிலையத்துக்கு வந்தார். டப்பா கைதவறி விழுந்தது என்றும், எஞ்சின் என் ஆயிலால்தான் போனது என்றும் நான் எழுதிக் கொடுத்தால் அண்ணன் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வார், ராத்திரியே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். கை தவறவில்லை. குறிதான் தவறியது. ஆயில் விஷயத்தில் அப்படி எழுதிக் கொடுத்தால், இந்தப் பக்கத்தில் ஒருவரும் இனி என்னை நம்பித் தங்கள் நிலத்தில் இறக்க மாட்டார்கள். அதனால் மறுத்துவிட்டேன். அவர் இப்போதும் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். என்ன எழுதினேன் என்று அண்ணனுக்குப் போய்ச் சொல்வதற்காகக் காத்திருக்கிறார்.

புனலை இத்துடன் ஒப்படைக்கிறேன். விசாரணை முடிந்ததும் அது எனக்குத் திரும்ப வேண்டும்.

எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். யாரும் மிரட்டாமலும் யாரும் சொல்லிக்கொடுக்காமலும் நான் சொன்னது, சொன்னபடியே இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் 'கணவரின் அண்ணனை நோக்கி எறிந்தேன்' என்று எழுதியிருந்தது. 'கணவரின் அண்ணனை' என்பதை அடித்து, 'கணவரை நோக்கி எறிந்தேன்' என்று மாற்றச் சொன்னேன். யோசித்துச் சொல்லும்மா, இது உனக்குத்தான் பாதகம் என்றார் ஆய்வாளர். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். மாற்றினார்கள். அந்தத் திருத்தத்தின் பக்கத்தில் தனியாக ஒரு கையெழுத்தும், கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
டிராக்டர் ஓட்டுநர்