பொன்னுலிங்கத்தின் எல்லைக்கல்

வெயிலில் இழுத்தால் டேப் கொஞ்சம் நீளும், சார். பலருக்கு இது தெரியாது. நான் அதையும் கழித்துத்தான் எழுதுவேன். பத்தொன்பது வருடமாக நிலம் அளக்கிறேன். என் அளவை இன்றுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

டெனிஷும் நானும் நெய்யூரில் ஒரே வகுப்பு. கணக்குப் பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதியவன். மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து, மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்று வாங்கினான். அதன்பிறகு ஊரில் எங்கு போனாலும் அவன் பேச்சுத்தான். என் மனைவி பெபிஷாகூட ஒருநாள் போனை நீட்டினாள்.

"இஞ்ச பாருங்க, டெனிஷு எடுத்த படம். நம்ம சர்ச்சு மேல இருந்து எப்பிடி இருக்குன்னு."

இத்தனை வருடத்தில் என் வரைபடம் ஒன்றைக்கூட அவள் விரித்துப் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்.

போன மாதம் திருவட்டாறு பக்கம் பொன்னுலிங்கத்தின் வாழைத்தோட்டத்துக்கு மருந்தடிக்க அவனைக் கூப்பிட்டார்கள். தோட்டத்தின் எல்லை, கிழக்கு ஓரத்துத் தென்னைகள், எல்லாவற்றையும் எட்டு வருடத்துக்கு முன்பே நான் அளந்து வரைந்திருந்தேன். அந்த வரைபடம் கேட்டு வீட்டுக்கு வந்தான்.

"நீயும் ஒருக்க அளந்து பாத்துக்கோ மக்கா," என்றேன்.

"உனக்க அளவு இருக்கும்போ நான் எதுக்குலே திருப்பி அளக்கணும்?"

அவனுடைய முறை எளிமையானது. இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு கல்லின் மேல் முக்காலியை நிறுத்தி, அதன் தலையில் ஆண்டெனாவை வைப்பான். கல்லின் இடத்தை எண்களாகக் கொடுத்துவிட்டால், செயற்கைக்கோள் சொல்வதில் உள்ள பிசகை அது திருத்தி ட்ரோனுக்கு அனுப்பும். ட்ரோன் இரண்டு சென்டிமீட்டர் விலகாமல் பறக்கும். ஆனால் எண்கள் ஓரிடமும் கல் வேறிடமுமாக இருந்தால், கல் எவ்வளவு விலகியதோ அவ்வளவு ட்ரோனும் விலகும். திரையில் மட்டும் எல்லாம் பச்சையாகவே தெரியும்.

பொன்னுலிங்கத்தின் கல் விலகியிருந்தது. வாய்க்கால் புறம்போக்கைச் சேர்த்துக்கொள்ள அதைப் பிடுங்கி நான்கு மீட்டர் கிழக்கே நட்டிருந்தார். எங்கள் பக்கம் கற்கள் இப்படி நடப்பது புதிதல்ல. எட்டு வருடத்துக்கு முன்பு அளக்கும்போது நான் அதைக் கண்டுபிடித்தேன்; கையைப் பிடித்துக் கெஞ்சினார். கல்லை அப்படியே விட்டுவிட்டேன். வரைபடத்தில் மட்டும் பொய் எழுத மனம் வரவில்லை. கல் இருக்க வேண்டிய இடத்தையே குறித்தேன்.

மருந்தடிக்கும் நாளில் நானும் போயிருந்தேன். டெனிஷ் அந்தக் கல்லின் மேல் முக்காலியை நிறுத்தி, என் வரைபடத்தில் இருந்த எண்களைக் கொடுத்தான்.

"மக்கா, இந்தக் கல்லுதானே?"

"ஆமா மக்கா, இதேதான்."

நான் சொன்னது அவ்வளவுதான். கல் அதேதான், சார், இடம்தான் வேறு. இடத்தை அவன் கேட்கவில்லை.

ஓலை அசைந்தாலே நின்றுவிடுகிறது என்று ட்ரோனின் தடை பார்க்கும் கண்ணை அவன் அணைத்து வைத்திருந்தான். அதுவும் எனக்குத் தெரியும். கடைசி வாழை வரிசையில் ட்ரோன் தென்னைகளுக்கு நான்கு மீட்டர் தள்ளிப் போக வேண்டியது. அது நேராகத் தென்னைக்குள் போனது. மட்டையில் விசிறி அடிபட்டு, மருந்துத் தொட்டியோடு முப்பது கிலோ கீழே வந்தது. டெனிஷ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணாந்து பார்க்கக்கூட இல்லை.

அவன் ஏன் தென்னைக்கு அடியில் நின்றான் என்று கேட்கிறீர்கள். முதலில் அவன் வரப்பில், வெயிலில்தான் நின்றான். முகம் வேர்த்து ஒழுகியது.

"வெயிலு கொல்லுது. அந்தத் தெங்குக்க மூட்டுல போய் நில்லு மக்கா," என்றேன்.

கூடப் படித்தவன் மேல் அந்த அக்கறைகூட இல்லாவிட்டால் எப்படி, சார். வாக்குமூலத்தில் இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் விழுந்து கிடந்த இடத்தைப் பிறகு நான் டேப் பிடித்துப் பார்த்தேன். ட்ரோன் போக வேண்டிய கோட்டிலிருந்து சரியாக நான்கு மீட்டர் கிழக்கே. என் வரைபடத்தில் ஒரு விரற்கடை பிழை இல்லை.