வால் தரையில் படக்கூடாது

எங்கள் வரிசை வீடுகளில் யார் வீட்டுக் குழம்பில் உப்பு கூடியது என்பதுவரை எனக்குத் தெரிந்துவிடும், இன்ஸ்பெக்டர் அய்யா. சம்பளத்தன்று பாபு வண்டியை எந்தப் பக்கம் திருப்புவான் என்று அவன் பெண்டாட்டி லீலாவுக்கே நான்தான் சொன்னேன். அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு விஷயத்தில் மூடிக்கொண்டது. அதைத்தானே கேட்கிறீர்கள்.

ஒரகடம் சாலையில் எங்கள் கம்பெனி டைனோசர் பொம்மை செய்கிறது. விளையாட அல்ல, வெளிநாட்டில் பெரியவர்கள் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைக்க. "பல்லியப் போயி காசு குடுத்து வாங்குறானா வெள்ளக்காரன்? எங்கூட்டு சொவுத்துல சும்மாவே கீது," என்பான் பாபு.

இரண்டு கால் மிருகம். எலும்பை ஆராய்ந்தவர்கள் வால் அந்தரத்தில்தான் நிற்கும் என்று சொல்லிவிட்டார்களாம். கணுக்கால் மெலிந்து, தலை பெருத்திருக்க வேண்டும். வாங்குகிறவர் அதில் மயிரிழைகூட விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் பொம்மை நிற்கவும் வேண்டும். நம் வெயிலுக்குக் கால் இளகி, முகம் குப்புற விழுந்தது. வாலைத் தரையில் ஊன்றினால் நிற்கும், ஆர்டர் போய்விடும். அதனால் வால் நுனிக்குள் கனம் வைக்கச் சொன்னார்கள். கொடுத்த இரும்புக் குண்டு அந்த ஒல்லி நுனியில் நுழையவில்லை. மீன்வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டு நுழைந்தது. சின்னது, ஆனால் நல்ல கனம். நான்தான் பொறுப்பில் இருந்தேன். ஈயம் விஷம், பொம்மையில் கூடாது என்று தெரிந்தும் யாரையும் கேட்கவில்லை. இரும்பு என்றே சொல்லிவிட்டேன். பொம்மை நின்றது. என்னை லைன் லீடர் ஆக்கினார்கள்.

பெயின்ட் பிசிறிய பொம்மைகளை வீட்டுக்கு எடுத்துப்போவது எங்களுக்குள் வழக்கம். ஒன்றை லீலாவின் மகள் கனிஷ்காவுக்குக் கொடுத்தேன். பல் முளைக்கிற வயது. எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும்.

பிள்ளை வெளுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. குன்றத்தூர் மலைக்குத் தூக்கிப்போய் வேண்டிக்கொண்டார்கள். ஸ்ரீபெரும்புதூரில் குடல்பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். ஒருநாள் லீலா என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, புள்ள எதையாச்சும் முழுங்கிச்சான்னு டாக்டர் கேக்குறாரு. ஒனக்குத் தெரியாம இங்க இன்னா நடக்கும்? சொல்லுக்கா."

அவள் கையிலிருந்த பொம்மையைப் பார்த்தேன். வால் நுனி கடிபட்டுப் பிய்ந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"எனக்கு இன்னாம்மா தெரியும். கண்ணு பட்டிருக்கும்," என்றேன்.

சொல்லியிருந்தால் ஆர்டர் போயிருக்கும், லைனே நின்றிருக்கும். லீலாவுக்கும் கம்பெனியில் அதே லைனில்தான் வேலை. அவள் நல்லதுக்கும் சேர்த்துத்தான் யோசித்தேன். எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேட்டாள். பிஞ்சு உடம்புக்கு ஆகாது என்று தடுத்ததும் நான்தான்.

பிய்ந்த பொம்மையை வாங்கிக் குப்பையோடு எரித்தேன். பிள்ளை அதைக் கேட்டு ஓயாமல் அழுதது. வேறொன்று கொண்டுவந்து கொடுத்தேன்.

ஆடி பிறப்பதற்குள் கனிஷ்கா போய்விட்டாள்.

இரண்டாவதிலும் ஈயம் இருந்தது தெரியாதா என்கிறீர்கள். தெரியும், அய்யா. ஈயம் வைக்காத ஒன்றை எடுத்து வந்திருக்கலாம். ஆனால் அது நிற்காது, விழுந்துகொண்டே இருக்கும். சுகமில்லாத பிள்ளை, பாவம், அழுமே.