வெடிக்காத நிமிசம்

இல்லைப் பிள்ளை, பயப்படாதையும். அது வெறுந் துவக்கு. இந்தா பாரும், இந்தக் கம்பியைக் குழலுக்குள்ளை விடுறன். கம்பியிலை ரெண்டு கோடு கீறியிருக்கு, தெரியுதோ? மேல்கோடு வரைக்கும் இறங்கினா உள்ளுக்கை ஒண்டும் இல்லை. கீழ்க்கோட்டோடை நிண்டுதெண்டா வெடிமருந்தும் குண்டும் கிடக்கெண்டு அர்த்தம். இறங்கீட்டுது பாரும். சரியோ? உம்மடை மனம் கேளாட்டில் பொடியன்ரை வண்டிலை அந்த யன்னல் பக்கம் தள்ளி வையும். நித்திரை போலை. நான் மெல்லமாக் கதைக்கிறன். எனக்கு எப்பவும் மெல்லமாத்தான் வரும்.

ஓம், நீர் கேட்டது எனக்கு விளங்கினது. அப்பான்ரை செத்தவீட்டிலையும் இதைத்தான் கேட்டனீர். அண்டைக்குச் சனம் கூட, நான் அங்காலை போயிட்டன். அதுக்குக் கோவிக்காதையும். வெள்ளிக்கிழமை நீர் அப்பாவுக்குச் செய்தி விட்டனீர், பொடியன் பிறந்த முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்குப் பேர்லினுக்கு வாங்கோ எண்டு. சனிக்கிழமை முழுக்கப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆள் இந்த மேசையடியிலை போயிட்டார். வாறன் எண்டாரோ, வரேலாது எண்டாரோ, என்னட்டை எண்டாலும் ஏதும் சொன்னவரோ. அதுதானே கேக்கிறீர்? அதுக்குத்தான் வாறன். ஆனா தொப்பியைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்கு ஏலாது. நான் படிச்ச ஆள் இல்லை. ஒண்டுக்குப் பிறகு ஒண்டாத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

தொப்பி எண்டது பிரைமர், மருந்துக்கு நெருப்பு மூட்டுற சின்னக் குப்பி. டொச்சிலை, ஜேர்மன் பாசையிலை, சுண்ட்ஹ்யூட்சன் எண்டுவினம், சின்னத் தொப்பி எண்ட மாதிரி. நாங்கள் ரெண்டு பேரும் தொப்பி எண்டே சொல்லிப் பழகீட்டம்.

நாங்கள் எப்பிடி இதுக்குள்ளை வந்தம் எண்டோ? அப்பா சொல்லவே இல்லையோ? சொல்லியிருக்கமாட்டார். ரெண்டு பேரும் ஒரே பக்ரறியிலை பைப்புக்குப் புரி வெட்டினாக்கள். வெளியிலை நிண்டு சிகரட் பத்திறாரே ஹெர் பிறிங்மான், அவர்தான் எங்களுக்கு மேலை நிண்ட மைஸ்டர். இந்தத் துவக்குச் சுடுற கிளப்புக்குத் தலைவரும் அவர்தான். உம்மடை அம்மா கண்ணை மூடின பிறகு அப்பா சாப்பாட்டு நேரத்திலை சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதைக் கண்டிட்டு, ஞாயிற்றுக்கிழமை வா மூர்த்தி, சும்மா வந்து பார் எண்டு கூப்பிட்டார். தனியப் போக அப்பாவுக்குக் கூச்சம். என்னையும் இழுத்தார். எனக்கு அவரை விடக் கூச்சம். ஊரிலை துவக்கைக் கண்டா வேலி பாய்ஞ்சு ஓடின ரெண்டு பேர், இஞ்சை டோர்ட்மண்டிலை காசு கட்டித் துவக்குப் பிடிக்கிறம். ஹம் அம்மன் கோயிலிலை எங்களைக் கண்டா பெடியள், வேட்டைக்காரர் வாறார் வழிவிடுங்கோ எண்டு பகிடி பண்ணுவாங்கள். அப்பா சிரிக்கவும் மாட்டார், கோவிக்கவும் மாட்டார்.

இது குழல்வாயாலை மருந்து போடுற துவக்கு. ஒரு வெடிக்கு ஒருக்கா மருந்தை அளந்து கொட்டி, குண்டை வைச்சுக் கம்பியாலை இடிச்சு இறக்கவேணும். பழைய துவக்கெண்டா தொப்பி வெளியிலை பக்கவாட்டிலை இருக்கும். நெருப்பு ஒரு மூலை திரும்பித்தான் மருந்துக்குப் போகும். ஈரம் பிடிச்சாச் சரி, பத்தாது. இது புதுமாதிரி. பின்னாலை இந்தத் தாழ்ப்பாளைத் திறந்து, தொப்பியைக் குழலுக்கு நேர் பின்னாலை வைச்சு மூடுறது. விசையை இழுத்தா ஊசி வந்து தொப்பியின்ரை முதுகிலை அடிக்கும். நெருப்பு நேராப் போய் மருந்திலை விழும். வளைவு இல்லை, காத்து இல்லை. நூற்றுக்கு நூறு வெடிக்கவேணும்.

வெடிக்கேல்லை. அதுதான் கதை.

சில நேரம் விசையை இழுத்தா டிக் எண்டு ஒரு சத்தம் மட்டும் வரும். அப்ப ஒரு சட்டம் இருக்குப் பிள்ளை. துவக்கைத் திருப்பக்கூடாது, தாழ்ப்பாளைத் திறக்கக்கூடாது. உள்ளுக்கை நெருப்பு மெல்லமாப் புகைஞ்சுகொண்டு கிடந்து, பிந்தி வெடிக்கும் சிலவேளை. அதாலை குழல் குறியைப் பாத்தபடி அப்பிடியே இருக்கவேணும். ஒரு முழு நிமிசம். சுடுறவர் கன்னத்தைத் துவக்கோடை வைச்சபடி. பின்னாலை ஸ்ரூலிலை இருக்கிறவர் எண்ணவேணும். எண்ணுறது நான். காதிலை ஒண்டு போட்டிருப்பம், அது வெடிச்சத்தத்தை மறைக்கும், கதையை விடும்.

முதல் தரம் அப்பிடி நடந்தப்போ நான் பத்துப் பதினைஞ்சு எண்ணியிருப்பன். அப்பா குறியைப் பாத்தபடி உம்மடை அம்மாவைப் பற்றிச் சொல்லுறார், சுலோ கடைசி நாள் தோடம்பழம் கேட்டவ. கடை பூட்டிப்போட்டுது எண்டு சொன்னன். கடை திறந்துதான் இருந்தது. எனக்கு அந்த அறையை விட்டு வெளிக்கிடப் பயம்.

நான் எண்ணுறதை நிப்பாட்டேல்லை. மனசுக்குள்ளை எண்ணினன். அறுபது வந்தோடனை சரி அண்ணை எண்டன். திறந்தார், பழந்தொப்பியை எடுத்தார், புதுசைப் போட்டார், வெடிச்சுது. நடுவட்டத்திலை, பத்திலை பட்டது. அதைப் பற்றி அவரும் பேந்து கதைக்கேல்லை, நானும் கேக்கேல்லை.

இந்தாரும், பேப்பர்த் துவாய். தேத்தண்ணி ஆறுது. குடியும்.

அதுக்குப் பிறகு அடிக்கடி டிக் எண்டத் தொடங்கீட்டுது. எனக்குச் சரிவராத ஒண்டு கண்ணுக்கு முன்னாலை நடந்தா நித்திரை வராது. குழலின்ரை பின்வாயை அடைக்கிற புரியாணியைக் கழட்டினன். அதுக்குள்ளை தையல் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை இருக்கு, நெருப்பு அதுக்குள்ளாலைதான் போறது. கரி பிடிச்சா அடைச்சுப்போடும். கம்பி விட்டுத் துப்பரவாக்கினன். பிறகும் டிக். தொப்பிக்கும் புரியாணிக்கும் இடையிலை இடைவெளி கூடவோ எண்டு ஒரு றப்பர் வளையம் போட்டன். பிறகும் டிக். வேறை கொம்பனித் தொப்பி வாங்கினம். ஊசியைத் தள்ளுற சுருள்வில்லை மாத்தினம். பிறிங்மான் தலையைச் சொறியிறார். அப்பா மட்டும் ஒண்டும் சொல்லமாட்டார். பாக்கிறார், தலையை ஆட்டுறார். டிக் எண்டா உடனை கதைப்பார்.

உம்மைப் பற்றித்தான் கனக்க. உமக்கு ஐஞ்சு வயசிலை அகதி முகாமிலை இருந்தனீங்களாம். அகதி அலுவல் பாக்கிற கந்தோருக்கு அம்மாவோடை உம்மையும் கூட்டிக்கொண்டு போனா, நீர்தான் டொச் கதைக்கிறதாம். அப்பா வாயே திறக்கமாட்டார். நீர் அங்கை மேசையிலை இருந்த மனிசியைப் பாத்து, அப்பா நன்றி சொல்லுறார், அப்பாவுக்கு இஞ்சை குளிராம், அப்பாவுக்கு உங்கடை பூச்சாடி பிடிச்சிருக்காம் எண்டு அடுக்குவீராம். நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை, ஆனா அவள் சொன்னது எல்லாம் சரி எண்டார். அதைச் சொல்லேக்கை குரலிலை ஒரு சிரிப்பு இருந்தது. முகம் நான் காணேல்லை. குறியைப் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறார்.

ஓம், அதையும் சொன்னவர். அம்மான்ரை செத்தவீட்டண்டு நீர் அவரைக் கல் எண்டு சொன்னதையும். கோவமாச் சொல்லேல்லைப் பிள்ளை. அவள் என்னைக் கல்லெண்டு சொல்லிப்போட்டுப் போனவள், ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லையே எனக்கு, வேறை என்னெண்டு சொல்லுறது எண்டார். அவ்வளவுதான். அறுபது ஆச்சுது.

உமக்கு வட்ஸ்அப்பிலை அப்பாட்டை இருந்து வெறும் குரல்செய்தி வாறது இல்லையோ? சத்தமே இல்லாமல், ஐஞ்சாறு செக்கன்? எனக்குத் தெரியும். அதை நீர் பொக்கற்றுக்குள்ளை அமத்துப்பட்டு வாறதெண்டு நினைச்சிருப்பீர். அது அவர் தெரிஞ்சுகொண்டு அமத்தினது. பட்டனைப் பிடிச்சுக்கொண்டு வாய் வரேல்லையாம். விட்டுடுவாராம். விட்டோடனை அது உமக்குப் போயிடுமாம்.

இரும். அழுறதெண்டா அழும். பிறிங்மான் ஒண்டை முடிச்சா அடுத்ததைப் பத்துவார், நேரம் இருக்கு.

பேந்து ஒரு நாள் சுட்டு முடிச்சு நான் நிலம் கூட்டுறன். பழந்தொப்பியளை அள்ளிப் போத்தலுக்குள்ளை போடுறது என்ரை வேலை. இந்தத் துவக்கிலை ஒரு சின்னக் குறை இருக்கு. ஊசி தொப்பியின்ரை நட்டநடுவிலை அடிக்காது, ஒரு மயிரளவு விலத்தி அடிக்கும். அதாலை எங்கடை தொப்பியை ஆயிரத்துக்குள்ளை போட்டாலும் நான் எடுப்பன். குழி ஒரு பக்கமா இருக்கும். அண்டைக்கு ஒரு தொப்பியிலை ரெண்டு குழி. பக்கத்திலை பக்கத்திலை.

விளங்கேல்லையோ? தொப்பி ஒருக்காத்தான் வெடிக்கும். ஒருக்கா அடிபட்டா ஒரு குழி. வெடிச்சு முடிஞ்ச தொப்பியைத் திரும்பப் போட்டு அடிச்சா, அது கொஞ்சம் சுத்துப்பட்டு இருக்கும், ரெண்டாவது குழி பக்கத்திலை விழும். நெருப்பு வராது. டிக் எண்டு மட்டும் கேக்கும்.

போத்தலைக் கொட்டிப் பாத்தன். ரெண்டு குழித் தொப்பி கனக்கக் கிடந்தது.

நாங்கள் காலமை வந்தவுடனை மருந்து போடாமல் ஒரு தொப்பியை மட்டும் சும்மா வெடிக்க வைப்பம். உள்ளுக்கை இருக்கிற எண்ணெய் காயிறதுக்கு. அந்தத் தொப்பியை அப்பா எடுத்துச் சேட்டின்ரை இடப்பக்கப் பொக்கற்றுக்குள்ளை போடுவார். புதுத் தொப்பியள் வலப்பக்கம். அடுத்த கிழமை நான் கையைத்தான் பாத்துக்கொண்டு இருந்தன். நாலைஞ்சு வெடிக்குப் பிறகு, கை இடப்பக்கம் போச்சுது.

இல்லை, நான் கேக்கேல்லை. கேட்டிருந்தா அதோடை விட்டிருப்பார். நான் அடுத்த கிழமையும் அந்தத் துளையைத் துப்பரவாக்கினன். உந்தத் தொப்பி சரியில்லை அண்ணை, கொம்பனியை மாத்துவம் எண்டன். ஓம், மாத்துவம் எண்டார். பிறிங்மானுக்கும் நான் சொல்லேல்லை. பாவம், அந்த மனிசன் தன்ரை காசிலை ஒரு புது வில்லு வாங்கி வந்தவர்.

ஓம். அந்த ஞாயிற்றுக்கிழமை.

வழமை போலை வந்தார். முதல் தொப்பியை வெடிக்க வைச்சு எண்ணெய் காயவிட்டார். எடுத்து இடப்பக்கம் போட்டார். மருந்து கொட்டினார், குண்டு இறக்கினார், கம்பியிலை கோட்டைப் பாத்தார். எல்லாம் சரி. கதிரையிலை இருந்து துவக்கை மண்மூட்டையிலை வைச்சுத் தாழ்ப்பாளைத் திறந்தார். கை இடப்பக்கம் போச்சுது. கண்டன். முதல் வெடியிலையே அவர் ஒருநாளும் அப்பிடிச் செய்யிறேல்லை. எப்பவும் நாலைஞ்சு வெடி வைச்சு, மனம் கொஞ்சம் இளகினாப் பிறகுதான். இண்டைக்கு என்னவோ பெரிசா இருக்கெண்டு நினைச்சன். ஸ்ரூலை ஒரு சாண் கிட்ட இழுத்துப்போட்டன், வடிவாக் கேக்கட்டும் எண்டு.

டிக் எண்டுது.

எண்ணினன். பத்து, பதினைஞ்சு. வழமையா அதுக்குள்ளை தொடங்குவார். தொடங்கேல்லை. கன்னம் துவக்கோடை இருக்கு, தோள் அசையேல்லை. சொல்லைத் தேடுறார் எண்டு நினைச்சன். முப்பது. நாற்பது. அறுபது வந்தது. நான் சரி அண்ணை எண்டு சொல்லேல்லை. சொன்னா நிமிசம் முடிஞ்சிடும், சொல்ல வந்ததைச் சொல்லாமல் புதுத் தொப்பியைப் போட்டிடுவார். அதாலை இன்னும் எண்ணினன். தொண்ணூறிலை துவக்கின்ரை பின்பக்கம் தோளிலை இருந்து மெல்ல வழுகிச்சுது.

டொக்டர் சொன்னவர், மாரடைப்பாலை உயிர் உடனை போயிட்டுதாம். விசை இழுத்த அந்த நேரத்திலையே. ஆரும் ஒண்டும் செய்திருக்கேலாதாம். எழுதியும் தந்தவர். நான் நம்புறன். நம்பாட்டிலும் வேறை என்ன செய்யிறது.

பிறகு நானும் பிறிங்மானும் புரியாணியைக் கழட்டி மருந்தைத் தள்ளி எடுத்தம். தொப்பியை நான் எடுத்தன். அவர் கேக்கேல்லை.

கையை நீட்டும். மற்றக் கை, அது ஈரம். விளக்குக்குக் கிட்டப் பிடியும். கண்ணுக்குத் தெரியாட்டில் நகத்தாலை தடவிப் பாரும்.

ஓம். ரெண்டு.

வாறன் எண்டு சொல்லத்தானோ, வரேலாது எண்டு சொல்லத்தானோ, எனக்குத் தெரியாது பிள்ளை. பொய் சொல்லி உம்மை அனுப்ப எனக்கு வராது. ஆனா உம்மடை செய்தி வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிறு காலமை முதல் வெடிக்கே கை இடப்பக்கம் போனது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

வைச்சிரும். அது வெடிக்காது, பொடியன்ரை வண்டிலுக்குள்ளை கிடந்தாலும் ஒண்டும் செய்யாது. விழுங்கிறதுக்கு மட்டும் விடாதையும்.

இந்தா, பிறிங்மான் கதவைத் திறக்கிறார். துவக்கை என்ன செய்யிறதெண்டு கேப்பார். அறுத்து அழிக்கிறதெண்டாலும் சரி, கிளப்புக்குக் குடுக்கிறதெண்டாலும் சரி. இல்லை, நீர் எழும்பவேண்டாம், இரும். உமக்கு இப்ப வாய் வராது. நீர் தலையை மட்டும் ஆட்டும், டொச்சிலை நான் சொல்லுறன்.