தோல் மாற்றிய வாசனை

தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் எங்கள் சோப்புப் பட்டறைத் தலைவர் அவர்களே! அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும் வாசனைக் கலவையாளர் ஐயா அவர்களே! இடப்புறம் இருக்கும், அழைத்த சொல்லை மதித்து வந்த தோல் மருத்துவர் அம்மா அவர்களே! மேற்பார்வையாளர் அவர்களே! முன்வரிசையில் வெட்டும் பிரிவுத் தாய்மார்களே, அடுத்த வரிசையில் உறையிடும் பிரிவுச் சகோதரிகளே, நாற்காலி போதாமல் சுவரோடு நிற்கும் குடும்பத்துப் பெரியோர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வரவேண்டியவர்களில் ஒருத்தி மட்டும் வரவில்லை. என் நாத்தனார். அவள் கைப்புண் பற்றிய விசாரணை முடியும்வரை பட்டறைப் பக்கம் வரக்கூடாது என்று அவளை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

குடும்பத்தார் சார்பில் பேச என்னை அழைத்தீர்கள். நான் வீட்டைப் பார்ப்பவள். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. மீதியை நானே தட்டுத் தடுமாறிப் படித்தேன். வரவையும் செலவையும் சரிபார்த்தே பழகிய வாய் இது. கூட்டிச் சொல்லாது, குறைத்தும் சொல்லாது. படைத்தவன் சாட்சி.

இலவங்கப்பட்டை வாசனை சோப்புக்கு உறையிடுபவள் அவள். கையுறை போட்டால் காகிதம் வழுக்கும். வெறும் பெருவிரல் அழுத்தினால்தான் மடிப்பு நிற்கும். அதுதானே நம் பட்டறை வழக்கம்? அழுத்திய விரல் சிவந்தது. சிவந்த விரல் கொப்புளித்தது. கொப்புளித்த விரல் வெடித்து, வெள்ளை உறையில் இரத்தம் பட்டது.

"என்ன பீங்கான், இன்னிக்கு எங்க விரிசல்?" என்று இங்கே கேலி செய்தீர்கள்.

வீட்டில், தன் மகளுக்குச் சட்டை மாட்டும்போது, அவள் என்னிடம் சொன்னது வேறு. "அண்ணி, பாப்பா சட்டைக்குப் பொத்தான் போட முடியல. விரல் மடங்கவே மாட்டேங்குது. நீங்க போட்டு விடுங்க."

நிர்வாகம் கைகட்டி நிற்கவில்லை; அதையும் சொல்ல வேண்டும். கலவையாளர் ஐயா சோப்பில் சேரும் வாசனை எசன்ஸைப் பிரித்துப் பார்த்தார். தோலைச் சீண்டும் பொருள் எதுவென்று கண்டார். அதை எடுத்துவிட்டு, அதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சாதுவான பொருளைச் சேர்த்தார். விடுப்பில் ஆறிய கையோடு அவள் வேலைக்குத் திரும்பினாள். அந்த வாரமே மறுபடியும் கொப்புளம்!

அப்போது மேற்பார்வையாளர் சொன்னார்: "எசன்ஸையே மாத்தியாச்சு. இன்னும் எரியுதுன்னா என்னம்மா அர்த்தம்? லேசான வேலை கேட்டு நாடகம் போடுறியா?"

நாடகமா? நீர் கோத்த விரல் நாடகமா? உறங்காத கண் நாடகமா?

மருத்துவர் அம்மா அவள் முதுகில் சிறு சிறு ஒட்டுகளாகப் பழைய எசன்ஸை வைத்தார், புதியதையும் வைத்தார், வாசனை சேராத சோப்பையும் வைத்தார். பிரித்துப் பார்த்தபோது, வாசனையில்லாத சோப்பு பட்ட இடம் மாற்றமின்றி இருந்தது. பழையது பட்ட இடம் சிவந்திருந்தது. புதியது பட்ட இடமும் சிவந்திருந்தது!

கலவையாளர் ஐயா அதிர்ந்துபோனார். "டாக்டரம்மா, குப்பியில அது பரம சாதுங்க. நானே திரும்பத் திரும்பச் சோதிச்சேன்."

"குப்பியில சாதுதாங்க. ஆனா தோல் குப்பி இல்லையே" என்றார் மருத்துவர்.

தாய்மார்களே, தோலை நாம் போர்வை என்று நினைத்தோம். மருத்துவர் அம்மா சொல்லித்தான் தெரிந்தது, அது ஒரு சமையலறை! உள்ளே நொதிகள் என்னும் ஓயாத வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். அந்நியப் பொருள் நுழைந்தால், அதை மாற்றி வெளியேற்றுவது அவர்கள் கடமை. அந்தக் கடமையைச் செய்யும்போதே, சாதுவான பொருள் சில வேளை சீறும் பொருளாகிவிடுகிறது. ஐயா எடுத்தெறிந்த அதே பொருளை, அவள் தோல் தானே சமைத்துக்கொண்டது! அது உடலின் சொந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. காவல் அணுக்கள் அதைப் பகையென்று பார்க்கின்றன. தன் வீட்டுச் சுவரையே இடிக்கின்றன. யாரைக் குற்றம் சொல்வது? கலந்தவரையா? தொட்டவளையா? காக்க வந்த தோலையா?

பின்னால் யாரோ, "எங்க கையெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்கிறீர்கள். இருக்கட்டும் தாயே, இறைவன் அருளால் அப்படியே இருக்கட்டும். எல்லார் தோலும் ஒரே பக்குவத்தில் சமைப்பதில்லை. இன்று அமைதியாக இருப்பது என்றும் அமைதியாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆனால் பகையென்று ஒருமுறை பதிந்துவிட்டால், உடல் அதை எளிதில் மறப்பதில்லை. கொஞ்சம் பட்டாலும் கொதித்தெழும்.

ஆகவே உறையிடும் மேசைக்கு அவள் திரும்ப முடியாது. பிழைப்பை விடவும் முடியாது. அவள் கூலியில்தான் பாப்பா படிக்கிறாள். வாசனை சேர்ப்பதற்கு முன்பே சோப்புக் கட்டிகளை எடை நிறுத்துப் பார்க்கும் அறை ஒன்று இருக்கிறதே, அங்கே அவளுக்கு இடம் கொடுங்கள். கை சிவந்த மற்றப் பெண்களையும் மருத்துவரிடம் அனுப்புங்கள். நாடகம் என்ற சொல்லை, சொன்ன இடத்திலேயே திரும்பப் பெறுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், உண்மையைக் கண்டு சொன்ன மருத்துவர் அம்மாவுக்கும், தன் கலவையை மறுபடி சோதிக்கக் கொடுத்த கலவையாளர் ஐயாவுக்கும் என் நன்றி. எல்லார் கைக்கும் இறைவன் நலம் தரட்டும். வணக்கம்.

தலைவர் ஐயா, நிறுக்கும் அறையில் அவளுக்கு வேலை உண்டா, இல்லையா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.